என் முரசுக்குள் இருந்தவள்

முதலில் வந்தது வலியில்லை, இரத்தமும் இல்லை. மணம்தான் வந்தது.

விடியப்புறம் ஐந்து மணியிருக்கும். பேசாலைக் கரைக்கு வள்ளங்கள் திரும்புகிற நேரம். கண் விழித்ததும் தலையணைக்குப் பக்கத்தில் அது இருந்தது. கருவாடு காய்கிற மணம் எனக்குப் பழக்கம். கரையில் ஒதுங்கிய ஆமையின் மணமும் தெரியும். இது இரண்டுமில்லை. வெயிலில் கிடந்த மனித உடலின் மணம். மிகைப்படுத்தி எழுதவில்லை. அந்த மணத்தோடு நான் ஒன்றரை நாள் இருந்திருக்கிறேன்.

முரசு கரைகிற நோயால் அவதிப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். (முரசு என்று நாங்கள் சொல்வது பல்லைப் பிடித்திருக்கும் ஈற்றை.) பல் ஆடினால் கழற்றிப் போட்டால் சரி என்று நினைப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். ஆனால் பல்லைப் பற்றி மட்டும் எழுத என்னால் முடியாது. என் வாயில் பல் மட்டும் இருக்கவில்லை.

நான் ஒரு முன்பள்ளி ஆசிரியை. பிறந்த ஊர் இலுப்பைக்கடவை. கல்யாணம் செய்து மன்னார்த் தீவுக்கு வந்தேன். கணவருக்குக் கடற்றொழில். அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். எனக்கொரு தங்கச்சி இருந்தாள். மெற்றில்டா. வீட்டில் மெற்றி. எல்லாப் பதிவுகளிலும் அவள் காணாமல் போனவள். அப்படிப் பதியும்படி சொன்னவள் நான்தான்.

உண்மை இதுதான். வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் நானும் அவளும் கஞ்சி வாங்க வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்தது. அவளை இழுத்துக்கொண்டு பக்கத்துப் பதுங்குகுழிக்குள் இறங்கினேன். இறங்கும்போதே அவளுக்கு உயிரில்லை. ஷெல்லடி நிற்கவில்லை. ஒன்றரை நாள் அவளோடு அந்தக் குழிக்குள் இருந்தேன். பிறகு கையால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுச் சனத்தோடு சனமாக ஓடினேன்.

அகதி முகாமில் அம்மா என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "எங்கையடி தங்கச்சி?"

"சனத்துக்குள்ள கையை விட்டிட்டன் அம்மா."

அம்மா கொஞ்சம் தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று சொன்ன பொய். பதினைந்து வருடமாகச் சொல்லவில்லை. அம்மா தங்கச்சியின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஏறாத அரச கந்தோர் இல்லை. நானும் பின்னாலே போய், படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன். என்னைப் போல ஒரு பாவியை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

ஆகவே அந்த மணம் வந்தபோது நான் டொக்டரிடம் ஓடவில்லை. மாதா கோவிலுக்கு ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் இது வழமை. செத்தவர்கள் கனவில் வந்து நின்றாலோ, வீட்டில் யாரும் பிடிக்காத சுருட்டின் மணம் வந்தாலோ, அந்த ஆத்துமம் எதையோ கேட்கிறது என்று எடுத்துக்கொண்டு பூசை ஒப்புக்கொடுப்போம். சுவாமியார் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆருக்காக?"

"உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமங்களுக்காக, சுவாமி."

"பேர் ஒண்டும் இல்லையா?"

"இல்லை சுவாமி, பொதுவா."

பேரைச் சொன்னால் பின்னேரத்துக்குள் அம்மாவின் காதுக்குப் போய்விடும். தன் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று நம்புகிற தாய்க்கு அது எப்படி இருக்கும்?

ஒன்றல்ல, ஆறு பூசை ஒப்புக்கொடுத்தேன். வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தோம். என் கட்டிலைச் சுற்றி மட்டும் இன்னுமொரு போத்தல் தெளித்தேன். மணம் சில நாட்களுக்குக் குறையும், பிறகு திரும்பி வரும். குறைந்த நாட்களில், மெற்றி கொஞ்சம் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து அழுவேன். முரசுக்குள் கட்டிய சீழ் உடைந்து வடிந்தால் மணம் தற்காலிகமாகத் தணியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சீழ் வடிந்ததற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேறு அறிகுறிகள் இல்லாமலில்லை. பல் தீட்டினால் தண்ணீர் சிவப்பாகப் போகும். பாண் கடித்தால் பாணில் இரத்தம். கீழ்முன் பற்கள் நாலும் நாக்குப் பட்டாலே அசைந்தன. அம்மா உப்பும் கரியும் வைத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன், எரிந்தது, விட்டுவிட்டேன். இரத்தம் வருகிறதே என்று பிரஷ்ஷையும் விட்டுவிட்டு, விரலால் பசையைப் பூசிக் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். நான் செய்த பெரிய பிழை அது. இரத்தம் வருவது, இன்னும் கவனமாகத் தீட்டு என்பதற்கான அறிகுறி. தீட்டாதே என்பதற்கல்ல.

என் மடியில் இருந்து பாட்டுப் படித்துக்கொண்டிருந்த ஒரு நாலு வயதுக்காரிதான் கடைசியில் உண்மையைச் சொன்னாள். பாட்டை நிறுத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு, "ரீச்சர், எங்கட வீட்டு அலுமாரிக்குப் பின்னால எலி செத்த மாதிரி மணக்குது உங்கட வாய்" என்றாள்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் உயிர் போய் வந்தது.

வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்தேன்.

"இஞ்சேருங்கோ, என்ர வாய் மணக்குதோ?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார்.

"எவ்வளவு நாளா?"

"போன நத்தாருக்குப் பாலன் குடில் கட்ட முந்தியே."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீ அந்த மணத்துக்குப் பூசை குடுத்துக்கொண்டு திரியிறாய். அது உன்ர வாய்தானெண்டு நான் எந்த வாயால சொல்லுறது?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம். வாறனியோ?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பையைத் தூக்கி எறிந்திருப்பேன். அவர் பாவம். எத்தனை மாதமாக முகத்தைத் திருப்பாமல் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்று யோசித்தபோதுதான் வெட்கம் வந்தது.

பல் கிளினிக்கின் விறாந்தையில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். டொக்டர் சிலாவத்துறையைச் சேர்ந்த ஒரு பொம்பிளைப் பிள்ளை, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முக்காட்டுக்கு மேலே முகக்கவசம். வாயைத் திறக்கச் சொல்லி, மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பியொன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் இறக்கி இறக்கி அளந்தார். தாதியிடம் எண் எண்ணாகச் சொன்னார். ஐந்து, ஏழு, ஆறு, எட்டு.

நல்ல முரசில் அந்த இடைவெளி மூன்றுக்கு மேல் போகாதாம். அதற்கு மேல் போனால் அது பை. (பற்பை என்கிறார்கள். முரசு பல்லை விட்டுக் கழன்று உண்டாகும் பள்ளம். அதற்குள் அழுக்கும் கிருமியும் சேர்ந்து கல்லாக இறுகும். அது காரை. அதனால் அடியிலிருக்கும் எலும்பு மெல்ல மெல்லக் கரையும்.)

"கொஞ்சம் நோகும், டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு அருகே விரலால் அழுத்தினார். ஏதோ உடைந்தது. அந்த மணம் அறை முழுக்க வந்தது.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். முதுகுக்குக் கீழே இருந்தது டொக்டரின் கதிரையல்ல, ஈரமண். கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ, தாதி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்.

டொக்டர் பஞ்சைக் காட்டினார். மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொட்டு. "இதுதான் டீச்சர் அந்த மணம்."

இவ்வளவுதானா? ஆறு பூசை, இரண்டு போத்தல் தீர்த்தம், ஒரு வருட அழுகை. ஒரு பொட்டு.

எக்ஸ்ரே எடுத்தார்கள், இரத்தத்தில் சீனி பார்த்தார்கள். (சலரோகம் இருந்தால் முரசு நோய் வேகமாகப் பரவும்.) சீனி சரியாக இருந்தது. எலும்புதான் சரியில்லை. கீழ்முன் பற்களைச் சுற்றிப் பாதி கரைந்திருந்தது.

"வெட்டவேணுமோ டொக்டர்?"

"முதல்ல வெட்டாமப் பாப்பம். முரசுக்கு அடியால போய் வேரைச் சுத்தம் செய்யிறது. பாதி வேலை என்ட கையில, மத்தப் பாதி உங்கட பிரஷ்ஷில. மூணு மாசத்தில திரும்ப அளப்பன். முரசு இதுக்குக் கேட்டுதெண்டா வெட்டத் தேவையில்ல."

இந்தச் சிகிச்சைக்கு ஆழ்சுத்திகரிப்பு என்று பெயர். (முரசைக் கீறாமல், விறைப்பூசி போட்டு, பைக்குள் கருவியை விட்டுக் காரையைச் சுரண்டி, வேரை வழவழப்பாக்குவது. பிறகு முரசு தானாகவே சுருங்கிப் பல்லை இறுக்கிப் பிடிக்கும்.) எனக்கு முதல் தவணையில் வலப்பக்கம், அடுத்ததில் இடப்பக்கம் என்று பிரித்தார்.

வலப்பக்கம் முடிந்தது. பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், ஊசி குத்துகிற நேரம்தான் வலி. அதற்குப் பிறகு சத்தம்தான். சுரண்டுகிற சத்தம் காதால் வராது, தாடை எலும்பால் வரும். தேங்காய்ச் சிரட்டையை யாரோ தலைக்குள் இருந்து வழிக்கிற மாதிரி இருக்கும். மூன்று நாள் முரசு நொந்தது. குளிர் தண்ணீர் கூசியது. வீக்கம் வற்றியதும் பற்கள் நீண்டு தெரிந்தன. பல் வளரவில்லை, முரசு இறங்கியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்துப் பதறவேண்டாம்.

மணம் பாதியாகக் குறைந்தது.

இரண்டாம் தவணைக்கு நான் போகவில்லை.

முன்பள்ளியில் விளையாட்டுப் போட்டி என்று கணவருக்குச் சொன்னேன். கொடுத்த மறு திகதிக்கு, தலையிடி என்றேன். உண்மையை இப்போதுதான் எழுதுகிறேன். எனக்குப் பயம் பிடித்திருந்தது. மணம் என் வாயிலிருந்துதான் வருகிறது என்று புத்திக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வருடமும் ஒவ்வொரு விடியலிலும் மெற்றி என் பக்கத்தில் இருந்தாள். அதற்கு முந்திய பதினாலு வருடத்தில் அவள் அவ்வளவு கிட்ட வந்ததேயில்லை. அவளைப் பற்றி யாரிடமும் பேசமுடியாதவள் நான். அவளுக்கென்று அழவும் முடியாதவள். அந்த மணம் ஒன்றுதான் என்னிடம் மிஞ்சியிருந்தது. வலப்பக்கம் சுத்தமானதும் அவளில் பாதி போய்விட்ட மாதிரி இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். எழுதக் கை கூசுகிறது. விடியக் கண் விழித்ததும், இடப்பக்கத்துக் கடைவாய் முரசை நாக்கால் அழுத்துவேன். உப்புக் கரிப்போடு மணம் வரும். 'இருக்கிறாய்' என்று மனதுக்குள் சொல்லுவேன். பிறகுதான் எழும்பி அடுப்பை மூட்டுவேன்.

இடக் கன்னம் வீங்கத் தொடங்கியது. கீழ்முன் பல்லொன்று சோறு மெல்லும்போதே சாய்ந்தது. அந்தக் கிழமை டொக்டரே தொலைபேசி எடுத்தார்.

"டீச்சர், ஏன் வரல்ல?"

"நேரம் இல்லை டொக்டர்."

"பொய் சொல்றீங்க. நாளைக்கு வாங்க. வந்து என்னைப் பாத்துப் பொய் சொல்லுங்க."

போனேன். கதிரையில் சாய்ந்தவுடன் அவர் கருவியை எடுக்கவில்லை. முகக்கவசத்தை இறக்கிவிட்டு என்னவென்று கேட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, பதினைந்து வருடமாக அம்மாவுக்குச் சொல்லாததை அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். கஞ்சி வரிசையை, குழியை, ஒன்றரை நாளை. விடியப்புறம் நாக்கால் அழுத்துவதையும் சொன்னேன். தாதி கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

டொக்டர் கையுறையைக் கழற்றி வைத்தார். பிறகு, "அது கிருமி டீச்சர். உங்கட தங்கச்சி இல்ல" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குத் தெரியும். எனக்குப் பயித்தியம் இல்லை. ஆனா அவளின்ர வேற ஒண்டும் என்னட்ட இல்லை."

அவர் கோபப்படவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, கறுத்துப்போயிருந்த இடத்தை விரலால் காட்டினார்.

"இப்பிடியே விட்டா இந்தப் பல்லெல்லாம் விழும். பல் விழுந்தா பை மூடிரும். பை மூடினா மணமும் போயிரும். நீங்க விட்டாலும் அது போகத்தான் போகுது டீச்சர். பல்லையும் கொண்டு போகும்."

அவள் எப்படியும் போவாள். நான் வாய் திறந்து பேசக்கூடிய ஒருத்தியாக இருப்பேனா என்பது மட்டும்தான் பாக்கி.

"போடுங்கோ ஊசியை" என்றேன்.

வேலை முடியுமட்டும் அழுதேன். டொக்டர் நிறுத்தவில்லை, அழாதீங்க என்றும் சொல்லவில்லை. கண்ணீர் காதுக்குள் போகாமல் தாதி துடைத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு வந்தது என் பாதி வேலை. காலையும் இரவும் மெல்லிய பிரஷ்ஷால், முரசின் விளிம்பில் சாய்த்துப் பிடித்து, பல் பல்லாகத் தீட்டவேண்டும். போத்தல் கழுவுகிற பிரஷ்ஷின் குஞ்சு மாதிரி ஒன்று தந்தார்கள். அதைப் பல் இடுக்குகளில் விட்டு எடுக்கவேண்டும். முதல் கிழமை இரத்தம் வந்தது. மூன்றாம் கிழமை நின்றது. கொப்பளிக்கத் தந்த மருந்து பல்லில் மண்ணிறக் கறை வைக்கும். பயப்படாதீர்கள், அது அகற்றக்கூடிய கறை. வெற்றிலை போடுகிறவர்கள் அதை விடவேண்டும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, விடத்தான் வேண்டும்.

மூன்று மாதத்தில் டொக்டர் திரும்ப அளந்தார். மூன்று, இரண்டு, மூன்று, நாலு. தாதிக்குச் சொல்லும்போதே குரலில் சிரிப்பு. ஓரிடத்தில் மட்டும் ஐந்து நின்றது. அதைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும், பின்னால் வெட்டவேண்டியும் வரலாம். எல்லாருக்கும் இந்தச் சிகிச்சை மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு எட்டு மூன்றானது. கீழ்முன் பற்கள் நாலும் நிற்கின்றன. கரைந்த எலும்பு திரும்பி வராது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் முரசு இருந்த இடத்தில் இப்போது சின்னச் சின்ன இருட்டு. கதைத்தால் காற்று அதற்குள்ளால் போகிறது. நாக்கு அந்த இடைவெளிகளை இன்னும் எண்ணிக்கொண்டே இருக்கிறது.

என் வருடத்துக்கு இப்போது பன்னிரண்டு மாதமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் என்று நாலு தவணை. உயிருள்ள மட்டும் இப்படித்தான்.

மணம் போய்விட்டது. விடிய ஐந்து மணிக்கு இப்போதும் விழிப்பு வருகிறது. மூச்சை இழுத்துப் பார்ப்பேன். கடற்காற்று, மண்ணெண்ணெய், அவரின் சேட்டு வியர்வை. வேறொன்றும் இல்லை. சுகமாகிவிட்டவள் சந்தோசப்படவேண்டும். நான் சவவீட்டுக்காரி மாதிரி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பதினைந்து வருடம் பிந்தி வந்த செத்தவீடு அது.

அப்படிக் கிடந்த ஒரு கிழமைக்குள் அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. காணாமல் போனவர்களுக்கு இன்னுமொரு பதிவு. அம்மா பதிவுக்குப் போக வெள்ளைச் சேலையை எடுத்து வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியையும் படிவத்தையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எழுதடி பிள்ளை."

பேனையை எடுத்தேன். பெயரை எழுதினேன். கடைசியாகக் கண்ட இடம் என்ற கோட்டில் பேனை நின்றது.

"அம்மா, நான் கையை விடேல்ல" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்தபிறகு கேட்டார்.

"கண்ணை மூடி விட்டனியோ?"

"ஓம் அம்மா."

"நாடி கட்டினியோ?"

செத்தவர்களின் வாய் திறந்துகொள்ளாமல் கீழ்த்தாடையைச் சேர்த்துத் தலையோடு துணியால் கட்டுவது எங்கள் வழக்கம். நான் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. என் சட்டையின் கரையைக் கிழித்திருக்கிறேன். அவளின் நாடிக்குக் கீழே கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். முடிச்சுக்குள் மாட்டிய தலைமயிரை, நோகும் என்று, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருக்கிறேன். இவ்வளவு காலமும் குழி என்றால் எனக்கு மணம்தான். அன்று, அம்மாவின் கேள்விக்குப் பிறகு, அவளின் முகம் வந்தது. கண் மூடி, வாய் மூடி, மண்படாத முகம்.

"கட்டினனான் அம்மா. என்ர சட்டையைக் கிழிச்சுக் கட்டினனான்."

அம்மா தலையாட்டினார். வருடா வருடம் மெற்றியின் பிறந்தநாளுக்கு மெழுகுதிரி கொளுத்தி, இப்ப அவளுக்கு முப்பத்திரண்டு, இப்ப முப்பத்திமூன்று என்று வயதை ஏற்றிக்கொண்டே வந்தவர் அவர். எங்கேயோ கட்டியிருப்பாள், பிள்ளைகளும் இருக்கும் என்று கூடச் சொல்வார். கதிரையில் இருந்தபடியே படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப என்ர பிள்ளைக்கு இன்னும் பத்தொன்பதுதான்" என்றார்.

ஓம் அம்மா என்றேன்.